சிலிண்டருக்குப் பின்னால் ஒரு நட்டு

எங்கள் லயத்துக்கு வந்த முதல் மோட்டார் சைக்கிள் ஓடி வரவில்லை. கொழுந்து லொறியில், காலிச் சாக்குகளின் மேல் படுத்துக்கொண்டு வந்தது. அதன் தலைமாட்டில் மாமா உட்கார்ந்திருந்தார். காய்ச்சல்காரரைப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற சொந்தக்காரரைப் போல, ஒவ்வொரு குலுக்கலுக்கும் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தார். லயத்தில் வரிசையாக இருந்த வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் லொறிக்குப் பின்னால் ஓடினோம். அப்பா மட்டும் வாசலில் நின்றபடியே கேட்டார்.

"என்னா மாப்பிள, படுத்துக்கிட்டே வருது? பேர் பதிய முன்னமே சீக்கு லீவா?"

"சிரிங்க மச்சான், சிரிங்க. ஒரு நாளைக்கு இதுல பின்னால ஒக்காந்துக்கிட்டு லுணுகலைச் சந்தைக்குப் போவீங்க. அப்ப சிரிப்பு வருதான்னு பாப்போம்."

மாமா என்றால் அம்மாவின் தம்பி. அம்மாவுக்குக் கூடப் பிறந்தவர் அவர் ஒருவர்தான். தாயும் தகப்பனும் போன பிறகு அம்மாதான் அவரை வளர்த்தாள். அம்மாவுக்குக் கல்யாணமானபோது அவரும் கூடவே வந்து, எங்கள் காம்பரா வீட்டின் முன்பக்கத்து இஸ்தோப்புத் திண்ணையில் ஒரு கட்டிலைப் போட்டுக்கொண்டார். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிற வேலை அவருக்கு. கத்தி பிடித்துப் பிடித்து அவர் கை பலாக்கட்டை மாதிரி ஆகியிருந்தது. ஆனால் மனசு முழுக்க எஞ்சின்தான். நமுனுகுலை மலைமேல் மேகத்துக்குள் ஒரு லொறி போனால், சத்தத்தை மட்டும் கேட்டு அதற்கு என்ன நோய் என்று சொல்லுவார். அது சரியா பிழையா என்று கண்டுபிடிக்க எங்களில் யாருக்கும் வழி இல்லை.

அந்த வண்டி வெள்ளைக்காரத் துரைமார் ஓட்டியது. அவர்கள் போன பிறகு கை மாறிக் கை மாறி, கடைசியில் தோட்டத்து உத்தியோகத்தரான கண்டக்டர் ஐயாவின் வீட்டுக்குப் பின்னால் கோழிகள் அடைகாக்கிற இடமாகிவிட்டது. ஒரு மழைக்காலம் முழுக்க அவருடைய மரக்கறித் தோட்டத்தைக் கொத்திக் கொடுத்து மாமா அதை வாங்கிக்கொண்டார்.

சும்மா வாங்கவில்லை. தேயிலை ஆலையை நாங்கள் ஸ்டோர் என்போம். ஸ்டோரில் எஞ்சின் பழுதானால் பதுளையிலிருந்து ஒரு சிங்கள மெக்கானிக் வருவார், எல்லாருக்கும் அவர் பாஸ். அங்கே பழைய வண்டிகளுக்கென்றே கராஜ் வைத்திருந்தவர். அவர் வருகிற நாளெல்லாம் மாமா வேலை முடிந்த கையோடு ஓடிப்போய் அவர் பக்கத்தில் நிற்பார். எடு என்பதற்கு முன்னால் எடுத்துக் கொடுப்பார். ஒருநாள் பாஸ் சொல்லிவிட்டார்.

"நீ ஒரு வண்டி தனியா செஞ்சி, ஓட்டிக்கிட்டு பதுளைக்கு வா. எண்ணெ ஒழுகாம வந்தா வேல. ஒழுகினா, தேத்தண்ணி குடிச்சிட்டுத் திரும்பிப் போ."

மாமா அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டார். பல மாதம் இஸ்தோப்பில் கட்டில் போய், கட்டில் இருந்த இடத்தில் எஞ்சின் கிடந்தது. அம்மாவின் சோற்றுச் சட்டிகளில் நட்டுகள் மண்ணெண்ணெயில் ஊறின. பிறகு திடீரென்று அவசரம் வந்தது. பண்டாரவளையிலிருந்து இன்னொரு பையன் வேலை கேட்கிறான், ஞாயிற்றுக்கிழமைக்குள் நீ வராவிட்டால் திங்கட்கிழமை அவனைச் சேர்த்துக்கொள்வேன் என்று பாஸ் ஸ்டோர் லொறியில் சொல்லி அனுப்பியிருந்தார்.

இனி என் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நான் இடக்கைக்காரி. அது எங்கள் வீட்டில் சின்ன விஷயம் இல்லை. சாப்பிட உட்கார்ந்தால் அம்மா என் இடக்கை மணிக்கட்டில் ஒரு பழைய சீலைத் துண்டைக் கட்டி, மறுமுனையை என் பாவாடை நாடாவோடு சேர்த்து முடிந்துவிடுவாள். பள்ளிக்கூடத்தில் அடிமட்டம் அந்தக் கையில்தான் விழும். "நாளைக்கு ஒரு வீட்டுல போயி பீச்சாங்கையால சோறு போட்டீன்னா, ஒன்னைய இல்ல, என்னையத்தான் கேப்பாங்க" என்பாள் அம்மா. அதே அம்மா மலையில் இரண்டு கையாலும் கொழுந்து பறிப்பாள். கூடையில் விழுந்த கொழுந்தில் எதை எந்தக் கை பறித்தது என்று எந்தக் கணக்கப்பிள்ளையும் கேட்டதில்லை. எனக்கு அது அப்போது தோன்றவில்லை. அந்தக் கை ஏதோ தெரியாமல் என்னோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்ட கை என்றே நானும் நினைத்திருந்தேன். யாராவது வந்தால் அதைப் பாவாடை மடிப்புக்குள் வைத்துக்கொள்வேன்.

அந்த வெள்ளிக்கிழமை பௌர்ணமி, போயா விடுமுறை. மாமா விடியற்காலையிலேயே சிலிண்டரை எஞ்சின்மேல் உட்கார வைக்க ஆரம்பித்துவிட்டார். அதன் அடியில் நான்கு நட்டுகள். மூன்றை யாரும் இறுக்கிவிடலாம். நான்காவது பின்பக்கம், கியர் பெட்டிக்கும் சிலிண்டருக்கும் நடுவில் ஒரு சந்துக்குள் ஒளிந்திருக்கும். கண்ணால் பார்க்க முடியாது. சிலிண்டரைக் கீழே இறக்கும்போதே அதையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி இறக்க வேண்டும். மாமா விரல் நுனியால் அதை மாட்டி, பாதிவரை திருகியிருந்தார். அதற்குள் பக்கத்துக் காம்பரா அத்தை வந்துவிட்டாள்.

"என்னா தம்பி, இன்னுமா முடியல? ராகு காலம் வரப்போகுது. வெள்ளிக்கெழமையும் அதுவுமா ராகு காலத்துலயா மொதமொத ஸ்டார்ட் பண்ணப்போற?"

அவ்வளவுதான். மாமா மனசு கலங்கிவிட்டது. சிலிண்டரை அப்படியே இறக்கினார். மூன்று நட்டையும் இறுக்கினார். நான்காவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். லயமே கூடிவிட்டது. அத்தை ஆலாத்தி எடுத்தாள். அம்மா வண்டிக்கு நெற்றி எது என்று தெரியாமல் பெட்ரோல் தாங்கியில் விபூதி பூசினாள். அப்பா போயாவுக்காக உடுத்தியிருந்த வெள்ளை வேட்டியோடு வந்து, சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்தார். நல்ல நேரம் முடிகிற கடைசி நிமிடத்தில் மாமா உதைத்தார்.

வண்டி ஒரே உதையில் உயிர் பெற்றது. லயத்துக் கூரைத் தகரம் அதிர்ந்தது. எல்லாரும் கை தட்டினோம். அடுத்த நொடி சிலிண்டருக்குப் பின்னாலிருந்து எண்ணெய் பீச்சியடித்தது. குனிந்து எலுமிச்சம்பழத்தைச் சரிபண்ணிக்கொண்டிருந்த அப்பா நிமிர்ந்தபோது, அவர் வேட்டி இடுப்பிலிருந்து கால்வரை கறுப்பாக இருந்தது.

"மாப்பிள, ராகு காலம் வந்திருந்தா இதவிட என்னா நடந்திருக்கும்?" என்று கேட்டார்.

அன்று முழுக்கவும் சனிக்கிழமை காலையிலும் மாமா அந்த ஒரு நட்டோடு போராடினார். சிலிண்டரை மறுபடி தூக்கினால் அடியில் இருக்கிற பேக்கிங் தாள் கிழிந்துவிடும். வேறு தாள் கைவசம் இல்லை. இருந்த இடத்திலேயே இறுக்கினால்தான் உண்டு. ஒரு ஸ்பேனரைப் பாதியாக வெட்டி, அடுப்பில் பழுக்கக் காய்ச்சி வளைத்தார். கார்புரேட்டரைக் கழற்றி வைத்தார். ஆனாலும் அவர் கை மணிக்கட்டைத் தாண்டி உள்ளே போகவில்லை. லயத்துப் பையன்கள் வரிசையாக வந்து முயன்றார்கள். கை போனது, ஆனால் ஸ்பேனர் திரும்பவில்லை. இடப்பக்கத்தைச் செயின் பெட்டி அடைத்துக்கொண்டிருந்தது. வலப்பக்கம் உட்கார்ந்து வலக்கையை விட்டால் புறங்கைதான் நட்டுப் பக்கம் போகும். கடைசியாக வந்த பையன் ஸ்பேனரையே உள்ளே போட்டுவிட்டு, அம்மா கூப்பிடுகிறாள் என்று ஓடிப்போனான்.

மாமா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் இருந்தேன். யோசிக்கவே இல்லை. வலப்பக்கமாகக் குந்தி, கையை உள்ளே விட்டு, ஸ்பேனரை எடுத்து அவர் முன்னால் நீட்டினேன். நீட்டிய பிறகுதான் எந்தக் கை என்று பார்த்து, சட்டென்று மறுகைக்கு மாற்றிக்கொண்டேன்.

மாமா ஸ்பேனரைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தார்.

"பாப்பா, மறுபடி வுடு. அதே கைய. உள்ளுக்கு ஒரு நட்டு தட்டுப்படுதா?"

"தட்டுப்படுது."

"தொட்டா என்னா செய்யுது?"

"ஆடுது மாமா."

மாமா அப்படியே தரையில் சாய்ந்துகொண்டு வானத்தைப் பார்த்துச் சிரித்தார்.

சனிக்கிழமை மலையில் அரைநாள் வேலை. அம்மா கொழுந்து நிறுத்துவிட்டு, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் வந்து நின்றாள்.

"அக்கா, பாப்பா கை உள்ளுக்குப் போவுது."

"எந்தக் கை?"

மாமா வளைத்த ஸ்பேனரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வேணாம். நல்ல காரியத்துக்குப் போற வண்டி. அந்தக் கை படவே கூடாது."

"நட்டுக்கு எந்தக் கைன்னு தெரியவாக்கா போவுது?"

"நட்டுக்குத் தெரியாது. சாமிக்குத் தெரியும். அதோட, அந்தச் சந்துல புள்ள கை மாட்டிக்கிட்டா என்னா செய்வ? கைய வெட்டுவியா, வண்டிய வெட்டுவியா?"

"வண்டிய வெட்டிருவோம். கண்டக்டரு கோழிங்க எடம் இல்லாமத் தவிக்குதாம்" என்றார் அப்பா. யாரும் சிரிக்கவில்லை.

அம்மா இன்னும் சொல்லிக்கொண்டே போனாள். கை வெட்டுப்பட்டால் பரீட்சை எழுத முடியாது என்றாள். அந்தக் கையால்தான் நான் எழுதுவதே இல்லையே என்று யாரும் சொல்லவில்லை. மழை வரப்போகிறது என்றாள். பொம்பளைப் பிள்ளை கையில் கிரீஸ் பட்டால் போகாது என்றாள். ஒரு காரணம் முடியும்போது அடுத்த காரணம் தயாராக இருந்தது. நான் கையைப் பாவாடைக்குள் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றேன். என்னால்தான் இந்தச் சண்டை, இந்தக் கை இல்லாமலிருந்தால் சண்டையே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் மாமா எழுந்தார்.

"சரிக்கா. வேணாம். நான் பதுளைக்குப் போகல. திங்கக்கெழம கவ்வாத்துக் கத்தியத் தூக்கிக்கிட்டு பெரட்டுக்குப் போறேன்."

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டுச் சாமான்களை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பெட்டிக்குள் வைக்க ஆரம்பித்தார். வளைத்த ஸ்பேனரை வைக்கும்போது மட்டும் கொஞ்சம் தாமதித்தார்.

அம்மா அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ரொம்ப நேரம் நின்றாள். பிறகு உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் தேங்காய் எண்ணெய்ப் போத்தல் இருந்தது. என்னைப் பிடித்து இழுத்துத் தன் முன்னால் உட்கார வைத்தாள். பாவாடை மடிப்புக்குள்ளிருந்து என் இடக்கையை வெளியே எடுத்தாள். விரல் நுனியிலிருந்து முழங்கைவரை எண்ணெயைத் தேய்த்தாள். தலைக்கு எண்ணெய் வைக்கும்போதுகூட அவள் அவ்வளவு மெதுவாகத் தேய்த்ததில்லை.

"வலிச்சா ஒடனே எடுத்துரு. மாமாவுக்காகன்னு பல்லக் கடிச்சுக்கிட்டு இருக்காத."

வண்டிக்குப் பக்கத்தில் சாக்கு விரித்துப் படுத்தேன். எண்ணெய் பூசிய கை சந்துக்குள் வழுக்கிக்கொண்டு போனது. உள்ளே எதுவும் தெரியாது, விரலுக்குத்தான் கண். நட்டின் விளிம்பைத் தேடி ஸ்பேனரின் வாயைக் கொடுத்தேன். பிடித்துக்கொண்டது. இழுத்தேன். நகம் அளவு நகர்ந்தது, அதற்குமேல் இடம் இல்லை. எடுத்து, ஸ்பேனரைத் தலைகீழாகப் புரட்டி, மறுபடி மாட்ட வேண்டும். மறுபடி நகம் அளவு. இப்படியே போனது. விரல் மூட்டில் தோல் உரிந்து எரிந்தது. அம்மாவுக்குத் தெரியக் கூடாதென்று முகத்தைப் பெட்ரோல் தாங்கிப் பக்கம் திருப்பிக்கொண்டேன். பையன்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்து சுற்றி நின்றார்கள். அப்பா ஈ ஓட்டுவதுபோல அவர்களைத் தள்ளி நிற்க வைத்தார். வழக்கமாக இரண்டு பேர் பார்த்தாலே அந்தக் கை பாவாடை மடிப்புக்குள் போய்விடும். அன்று அது பாட்டுக்கு உள்ளே வேலை செய்துகொண்டிருந்தது.

பிறகு ஒரு கட்டத்தில் நட்டு நின்றுவிட்டது. இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். அதற்குமேல் அது இரும்போடு இரும்பாகிவிட்டது.

மாமா குனிந்து என் முகத்துக்கு நேராக வந்தார்.

"என்னால பாக்க முடியாது பாப்பா. நீதான் சொல்லணும். இறுகிருச்சா?"

எனக்கு மட்டுமே பதில் தெரிந்த ஒரு கேள்வியை அதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் கேட்கிறவர்களுக்கெல்லாம் பதில் முன்கூட்டியே தெரியும்.

"இறுகிருச்சு மாமா."

அவர் உடனே எழுந்தார். கார்புரேட்டரைப் பூட்டினார். எண்ணெய் ஊற்றினார். இந்த முறை யாரும் நல்ல நேரம் பார்க்கவில்லை. அப்பா மட்டும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பக்கத்து லயத்தின் மூலையில் போய் நின்றார். மாமா உதைத்தார். வண்டி அதிர்ந்தது. எல்லாரும் சிலிண்டரையே பார்த்தார்கள். ஒன்றும் வரவில்லை. மேல் வளைவுவரை ஏற்றத்தில் ஓட்டிப்போனார். சத்தம் தேயிலைக்குள் போய் மறைந்து, திரும்பி வந்தது. வண்டியை நிறுத்தி, ஒரு வெள்ளைத் துணியை அந்தச் சந்துக்குள் விட்டுத் துடைத்து எடுத்தார். துணி வெள்ளையாகவே இருந்தது. அதைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்து லயம் முழுக்கக் காட்டினார்.

"பாத்துக்கங்க! எம் மருமக இறுக்குன நட்டு!"

அப்பா மூலையிலிருந்து வந்து, அந்தத் துணியை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு வண்டியின் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார். "லுணுகலைச் சந்தைக்கு வுடு மாப்பிள" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமா பதுளைக்குப் போனார். பாஸ் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் அந்தச் சந்துக்குள் விரலை விட்டுத் தடவி, விரலைப் பார்த்தாராம்.

"இது எப்பிடி இறுக்கின? ஒன் கை போகாதே."

"எம் மருமக இறுக்குனா."

"எங்க அவ?"

"இஸ்கூல் போற புள்ள பாஸ்."

"முடிஞ்சதும் அவளயும் கூட்டிக்கிட்டு வா" என்றாராம். மாமா இதை எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறார். நான் பக்கத்தில் இருந்தால் உள்ளே ஓடிவிடுவேன். ஆனால் கதவுக்குப் பின்னால் நின்று முழுக்கக் கேட்பேன்.

மாமா அப்படியே பதுளையில் தங்கிவிட்டார். கராஜிலேயே படுக்கை. முதலில் மாதம் ஒருமுறை வந்தார், பிறகு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வந்தார். இன்றைக்கு மொனராகலையில் அவருக்குச் சொந்தக் கராஜ் இருக்கிறது. என் மணிக்கட்டில் கட்டுகிற சீலைத் துண்டு அந்த வாரமே காணாமல் போனது. யார் எடுத்தார்கள் என்று நானும் கேட்கவில்லை, அம்மாவும் சொல்லவில்லை. மலையில் மற்றப் பெண்களிடம் அவள் என் கையைப் பற்றிப் பெருமையாகச் சொன்னதை அத்தைதான் எனக்குச் சொன்னாள். நான் இப்போதும் வலக்கையால்தான் எழுதுகிறேன், வலக்கையால்தான் சாப்பிடுகிறேன். பதுளையில் ஒரு தையல் கடையில் வேலை. கடையில் மெஷின் நின்றுவிட்டால் ஆள் தேடி அனுப்ப மாட்டார்கள். என்னைத்தான் கூப்பிடுவார்கள். அப்போது எந்தக் கை வேலை செய்கிறது என்று எல்லாரும் பார்க்கலாம். நான் மறைப்பதில்லை.

போன வருடம் என் மகளுக்குக் கொழும்பில் வேலை கிடைத்தது. நான் வேண்டாம் என்றேன். அங்கே தண்ணீர் ஒத்துக்கொள்ளாது என்றேன், முடி கொட்டும் என்றேன், பஸ்ஸில் நெரிசல் என்றேன். அவள் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். அடுத்த காரணத்துக்கு வாயைத் திறந்தபோது, அம்மா படங்குச் சாக்கோடு இஸ்தோப்பில் நின்று பேசியது எனக்குக் கேட்டது. அன்றைக்கு அவள் பேசியது என் கையைப் பற்றி இல்லை.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் அம்மா அடுப்பில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். வெளியே மாமா விசிலடித்துக்கொண்டு வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் கதவோரம் உட்கார்ந்து விரல் மூட்டை ஊதிக்கொண்டிருந்தேன்.

"நெசமாவே இறுகிருச்சாடி?" என்று அம்மா கேட்டாள்.

"இறுகிருச்சும்மா."

அம்மா அடுப்புக்குள் ஒரு விறகைத் தள்ளினாள்.

"போற வழியில கழண்டுறாதுல்ல?"

"கழலாதும்மா."

ரொட்டி கருகுகிற வாசனை வந்தது. அம்மா அதைத் திருப்பிப் போடவில்லை. நெருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு செய்தும் அம்மா இன்னும் என் இடக்கையை நம்பவில்லையே என்று எனக்கு ரோஷம் வந்தது. எழுந்து அவள் பக்கத்தில் போய், அடுப்பு வெளிச்சத்தில் கையை விரித்துக் காட்டி, வெளியே மாமாவுக்கும் கேட்கிற மாதிரிச் சத்தமாகச் சொன்னேன்.

"இனி யாராலயும் கழட்ட முடியாதும்மா."